தொழிலாளிக்கு வாசித்த செல்லோ மேதை

தோழர்களே, வயலினைப் பார்த்திருப்பீர்கள். அதையே நெஞ்சு உயரத்துக்குப் பெரிசாக்கி, உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசித்தால் அதுதான் செல்லோ. அதில் உலகப் புகழ் பெற்றவர் பாப்லோ கசால்ஸ்.

1876-ல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் பிறந்தார். 13 வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் பாக் எழுதிய இசைத்தாள்கள் கிடைத்தன. பத்து வருஷத்துக்கு மேல் பழகிய பிறகே அதைச் சபையில் வாசித்தார்.

பேரும் பணமும் வந்தது. 1920-ல் பார்சிலோனாவில் கைக்காசு போட்டு இசைக்குழு அமைத்தார். பணக்காரன் மட்டும் கேட்டால் போதுமா? தொழிலாளிகளுக்கென்றே ஓர் இசைச் சங்கம் உண்டாக்கினார். சொற்பச் சந்தாதான். நடத்தியதும் தொழிலாளிகளே.

1939-ல் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியைப் பிடித்தான். கசால்ஸ் பிரான்சில் பிராட் என்ற சிற்றூரில் அடைக்கலம் புகுந்து, அகதிகளுக்கு உதவினார். உலகப்போர் முடிந்தும் வல்லரசுகள் பிராங்கோவை விட்டுவைத்தன. மனம் கொதித்த கசால்ஸ், மேடையேறி வாசிப்பதையே நிறுத்திவிட்டார். வேலையை நிறுத்துவது லேசா? நமக்குத் தெரியாததா! 1950-ல் இசைக் கலைஞர்கள் பிராட்டுக்கே தேடி வந்த பிறகுதான் மறுபடி மேடையில் வாசித்தார்.

1973-ல், 96 வயதில், போர்ட்டோ ரிக்கோவில் காலமானார். பிராங்கோ 1975-ல் செத்தான். 1979-ல் கசால்ஸின் உடல் சொந்த ஊர் மண்ணுக்குத் திரும்பியது. இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.