டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

சட்டமன்றத்தில் ஒருவர் ஒரு சட்டத்திற்காக வாதாடுவார். அச்சட்டம் நிறைவேறும் நாளிலோ அவர் அம்மன்றத்தில் இரார். சென்னைச் சட்டமன்றத்தில் முதன்முதலாக அமர்ந்த பெண்மணியாகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு அத்தகையது.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மன்னர் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவரடியார் குலத்தில் தோன்றியவர். பெண்கள் எழுத்தறிவதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஆடவர் பயிலும் கல்லூரியில் இப்பெண்ணைச் சேர்க்கலாகாது எனச் சிலர் தடுத்தனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடையைப் பொருட்படுத்தாது இடம் அளித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1912ஆம் ஆண்டில் அம்மையார் பட்டம் பெற்றார். 1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைத் தமக்கு நிகராக மதித்தல் வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் அம்மணத்திற்கு இசைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை மாகாணத்தில் பெண்டிர்க்கு 1921ஆம் ஆண்டில் வாக்குரிமை கிடைத்தது. மன்றத்தில் உறுப்பினராகும் உரிமை 1926ஆம் ஆண்டிலேதான் வந்தது. மாதர் சங்கத்தார் பரிந்துரைக்க, அரசினர் அம்மையாரை உறுப்பினராக நியமித்தனர். மருத்துவப் பணிக்கு இடையூறு நேருமோ என்று முதலில் அவர் தயங்கினார். தயக்கம் நீங்கி 1927ஆம் ஆண்டில் மன்றம் புகுந்தபோது, உறுப்பினர் யாவரும் ஒருமனதாக அவரையே துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். ஆங்கிலேயர் நேரே ஆண்ட இந்தியப் பகுதிகளில் சட்டமன்றம் புகுந்த முதற் பெண்மணி அவரே.

மகளிர்க்கும் குழந்தைகட்கும் தனி மருத்துவ வசதி, பள்ளிச் சிறார்க்கு உடல்நலச் சோதனை, மணவயதை உயர்த்துதல் எனப் பலவற்றிற்காக அவர் பேசினார். ஆயினும் அவர் நெஞ்சை முழுவதும் கவர்ந்திருந்தது ஒன்றே. அது பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தல்.

தேவரடியார் என்னும் சொல் இறைவனுக்குத் தொண்டு பூண்டவர் என்று பொருள்படும் நற்சொல்லே. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகட்கு மனையும் நெல்லும் வழங்கினமையைக் கல்வெட்டுக் கூறும். நாட்கள் செல்லச் செல்ல வழக்கம் இழிந்தது. அறியாச் சிறுமியின் கழுத்தில் பொட்டைக் கட்டி இறைவனுக்கு உரியவள் என்று விட்டுவிடுவர். அதன்பின் அவளுக்கு மணவாழ்வு இல்லை. செல்வர் விருப்பத்திற்கு ஆட்பட்டு வாழ்வதே பலர்க்கு நேர்ந்தது. தாயாரின் உறவினரிடையே இத்துயரைக் கண்ணாரக் கண்டவர் அம்மையார்.

1927ஆம் ஆண்டு இறுதியில் இவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அவர் தீர்மானம் கொணர்ந்தார்; மன்றம் ஏற்றது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. எதனால் ஒரு தாய் தன் மகளுக்குத் தானே பொட்டுக் கட்டுகின்றாள் என்பதை அம்மையார் ஆராய்ந்தார். கோயிற்பணி செய்வார்க்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. பணி செய்ய அடுத்த தலைமுறையில் ஒருத்தி இல்லையேல் நிலம் கைவிட்டுப் போகும். நிலத்தை இழந்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். நோயின் வேரை நாடும் மருத்துவரன்றோ அவர்! ஆதலின் முதலில் அந்த வேரிலே கை வைத்தார். கோயிற்பணி செய்யாவிடினும், சிறு வரி செலுத்தி அந்நிலத்தைத் தமக்கே உரிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அவர் கொணர, அது 1929ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அவர் பணிகளுள் இதனையே யான் தலையாயதாகக் கருதுகின்றேன். புகழ்வோர் பலரும் இதனை விட்டுவிடுகின்றனர்.

எதிர்ப்பும் எழுந்தது. சமய வழக்கிற் சட்டம் தலையிடலாகாது என்றார் சிலர். ஆடற்கலை அழியும் என்றார் சிலர். தேவரடியாருள்ளும் ஒரு சாரார், கலை வல்ல தம்மையெல்லாம் இழிகுலத்தார் போலப் பேசுவது முறையன்று என்று அரசினர்க்கு விண்ணப்பித்தனர். அவர்கள் மனக்குறையை வீண் என்று தள்ளிவிட இயலாது. ஆயின் அக்குலத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அவ்வழக்கத்தை ஒழிக்க ஊர்தோறும் சென்று பேசியதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930ஆம் ஆண்டில் அம்மையார் மன்றத்தில் வைத்தார். அவ்வாண்டிலேயே உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைப் பொறாது அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பெற்ற பிள்ளை போன்ற மசோதாவை மன்றத்தில் விட்டு வெளியேறுதல் எளிதன்று. கொணர்ந்தவர் இல்லாமையால் அது அப்படியே கிடந்தது.

அந்நாளில் ஒரு நள்ளிரவில், அவ்வாழ்க்கைக்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியர் மூவர் அம்மையார் இல்லத்துக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக் காத்தார். ஔவை இல்லம் அவ்வாறு தோன்றியது. தம் தங்கையார் புற்றுநோயால் இறந்த துயரை மறவாது, அடையாற்றில் 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கச் செய்தவரும் அவரே. 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்று, 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மசோதா என்னாயிற்று என்று மாணவர் வினவலாம். 17 ஆண்டுகள் கழிந்து, நாடு விடுதலை பெற்ற பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1947ஆம் ஆண்டில் அது சென்னை மாகாணச் சட்டமாயிற்று. அப்போது அம்மையார் அம்மன்றத்தின் உறுப்பினர் அல்லர், அகவை அறுபத்தொன்று.