மெக்கானிக் கட்டிய பந்தய மைதானம்

டேடோனா கார் பந்தயத்தை உருவாக்கிய பில் பிரான்சின் வாழ்க்கை வரலாறு

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் புளோரிடா மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள கடற்கரை ஊர், டேடோனா பீச்.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் இந்த ஊர் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். சுமார் 1 லட்சம் பேர் கூடுவார்கள். டெலிவிஷனில் பார்ப்போர் இன்னும் பல லட்சம்.

இத்தனைக்கும் காரணம், ஒரு கார் பந்தயம்! அதன் பெயர் டேடோனா 500. மொத்த தூரம் 500 மைல் (சுமார் 805 கிலோமீட்டர்). மைதானத்தை 200 முறை சுற்ற வேண்டும்.

இதை ஸ்டாக் கார் பந்தயம் என்று சொல்வார்கள். கடையில் இருப்பு வைத்து விற்கும் கார்தான் ஸ்டாக் கார். இன்று ஓடுகிறவை பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கார்கள். ஆனால், தொடக்க காலத்தில் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடிய கார்களே ஓடின.

இந்தப் பந்தயத்தை உருவாக்கியவர் ஒரு மெக்கானிக். அவர் பெயர் பில் பிரான்ஸ். (பிரான்ஸ் என்பது அவருடைய குடும்பப் பெயர். நாட்டின் பெயர் அல்ல.)

அப்பாவின் கார்

பில் பிரான்ஸ் 1909-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தார். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் வளர்ந்தார்.

சிறு வயதிலேயே அவருக்குக் கார் பைத்தியம். வீட்டில் ஒரு போர்டு கார் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தக் காரை எடுத்துக்கொண்டு போவார். பக்கத்து ஊரான லாரலில், மரப்பலகை அடித்த பந்தய மைதானம் இருந்தது. அதில் சுற்றிச் சுற்றி வருவார். அப்பா வேலை முடிந்து திரும்புவதற்குள் கார் பழைய இடத்தில் நிற்கும்!

வளர்ந்ததும் பெட்ரோல் பங்க் வைத்தார். அங்கே குளிர் அதிகம். காலை நேரத்தில் கார்கள் எளிதில் கிளம்பாது. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும். பில் விடிவதற்கு முன்பே எழுந்து, ஆபீசுக்குப் போகிறவர்களின் கார்களைச் சுற்றிக் கிளப்பிக் கொடுப்பார். அவர்கள் அவருடைய வாடிக்கைக்காரர்கள் ஆனார்கள்.

1931-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் ஆன். அவர் ஒரு நர்ஸ். 1933-ம் ஆண்டு மூத்த மகன் பிறந்தான். மகனுக்கும் பில் என்றே பெயர் வைத்தார்கள்.

அப்போது அமெரிக்காவில் கடுமையான வியாபார மந்தம். பல லட்சம் பேர் வேலை இழந்தார்கள். பில் பிரான்ஸ், மனைவியையும் கைக்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். கையில் இருந்த பணம் மிகக் குறைவு. தன்னுடைய கருவிகளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். அவர்கள் வந்து தங்கிய ஊர்தான் டேடோனா பீச். அங்கே கார் பழுது பார்க்கும் வேலையில் இறங்கினார்.

மணலில் பந்தயம்

டேடோனா கடற்கரை மணல் சாதாரண மணல் அல்ல. கடல் உள்வாங்கும் நேரத்தில் அது தார் ரோடு போல இறுகிக் கிடக்கும். அதனால் உலகின் அதிவேகக் கார்களை அங்கே கொண்டு வந்து ஓட்டினார்கள். 1935-ம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தைச் சேர்ந்த மால்கம் கேம்பெல் மணிக்கு 276 மைல் வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தார்.

ஆனால், அதுவே கடைசி. வேகக் கார்கள் யூட்டா மாநிலத்தின் உப்பு வெளிக்குப் போய்விட்டன. டேடோனா ஊர்க்காரர்களுக்கு வருமானம் போயிற்று.

என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். சாதாரணக் கார்களை வைத்துப் பந்தயம் நடத்த முடிவு செய்தார்கள். போகும்போது ரோடு. திரும்பும்போது கடற்கரை. இரண்டையும் மணல் வளைவுகள் இணைத்தன. ஒரு சுற்று 3.2 மைல். பரிசுத் தொகை 5 ஆயிரம் டாலர்.

1936-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி பந்தயம் நடந்தது. ஒரே குழப்பம்! வளைவில் மணல் குழிந்து கார்கள் சிக்கிக்கொண்டன. 78 சுற்று ஓட வேண்டிய பந்தயத்தை 75 சுற்றிலேயே நிறுத்தினார்கள். வென்றவர் யார் என்பதிலும் தகராறு. நகரசபைக்கு 22 ஆயிரம் டாலர் நஷ்டம்.

அன்று 5-வதாக வந்தவர் பில் பிரான்ஸ். கார் ஓட்டுவதில் மட்டும் அல்ல, பந்தயம் நடத்துவதிலும் அவருடைய மனம் ஓடியது. 1938-ம் ஆண்டு முதல் அவரே பந்தயத்தை நடத்தத் தொடங்கினார். ஓட்டல் முதலாளி ஒருவர் பணம் போட்டார்.

டிக்கெட் வாங்காமல் மணல் மேடுகளின் வழியாகப் பலர் புகுந்தார்கள். பில் அதற்கும் ஒரு வழி கண்டார். இங்கே விஷப் பாம்புகள் உண்டு, ஜாக்கிரதை என்று அறிவிப்புப் பலகைகளை நட்டு வைத்தார். கூட்டம் டிக்கெட் வாசலுக்குத் திரும்பியது!

இரண்டாம் உலகப் போரின்போது பந்தயம் நின்றது. பில், போர்ப் படகு கட்டும் வேலைக்குப் போனார்.

மொட்டை மாடிக் கூட்டம்

போர் முடிந்ததும் பல ஊர்களில் கார் பந்தயங்கள் முளைத்தன. கார் ஓட்டியவர்களில் சிலர், மலைப் பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள். போலீசாரிடம் பிடிபடாமல் இரவில் விளக்கு இல்லாமல் பறந்து பழகியவர்கள். அந்தத் திறமை பந்தயத்தில் கைகொடுத்தது.

ஆனால், பந்தயம் நடத்தியவர்களில் பலர் நாணயம் இல்லாதவர்கள். பெரிய பரிசு என்று விளம்பரம் செய்வார்கள். பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே டிக்கெட் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். ஊருக்கு ஊர் விதிகளும் வேறு வேறு.

தானே கார் ஓட்டியவர் ஆனதால் பில்லுக்கு இந்த வேதனை தெரியும். 1947-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி டேடோனாவில் ஸ்டிரீம்லைன் ஓட்டலின் மேல் மாடியில் ஒரு கூட்டம் கூட்டினார். பந்தயம் நடத்துகிறவர்கள், ஓட்டுகிறவர்கள், மெக்கானிக்குகள் என்று சுமார் 35 பேர் வந்தார்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே விதி வேண்டும். சொன்ன பரிசைக் கொடுக்க வேண்டும். அடிபட்டால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் மார்க் போட்டு, முதல்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுதான் பில்லின் திட்டம்.

இப்படிப் பிறந்தது நாஸ்கார் என்ற அமைப்பு. அதன் தலைவர் பில் பிரான்ஸ். கணக்கு வழக்குகளை மனைவி ஆன் பார்த்துக்கொண்டார். பில் கனவு காண்பார். அதற்குக் காசு இருக்கிறதா என்று ஆன் பார்ப்பார். கடைசி வரை ஒவ்வொரு டாலருக்கும் அந்த அம்மையாரிடம் கணக்கு இருந்தது.

நாஸ்காரின் முதல் பந்தயம் 1948-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி டேடோனா மணலில் நடந்தது. வென்றவர் ரெட் பைரன். போரில் விமானப் படையில் இருந்தபோது இடது காலில் பலத்த காயம் அடைந்தவர். கிளட்சை மிதிப்பதற்காக விசேஷக் கருவி பொருத்திக்கொண்டு ஓட்டி வெற்றி பெற்றார்!

பறிபோன வெற்றி

1949-ம் ஆண்டு ஜுன் 19-ந் தேதி சார்லட் நகரில், மாற்றம் எதுவும் செய்யாத புதுக் கார்களுக்கான முதல் பந்தயம் நடந்தது. கிளென் டனவே என்பவர் முதலாவதாக வந்தார்.

அதிகாரிகள் அவருடைய காரைச் சோதித்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது. சாராயப் பாரம் ஏற்றும் கார்களில் அப்படிச் செய்வது வழக்கம். வெற்றி செல்லாது என்று அறிவித்தார்கள். 2-வதாக வந்த ஜிம் ரோப்பருக்கு முதல் பரிசு கிடைத்தது.

கார் சொந்தக்காரர் 10 ஆயிரம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. பந்தயத்தில் விதிதான் பெரிது என்பது நிலைநாட்டப்பட்டது.

மலை போல் எழுந்த மைதானம்

ஆண்டுகள் ஓடின. கடற்கரையில் ஓட்டல்களும் வீடுகளும் பெருகின. மணலில் பந்தயம் நடத்துவது சிரமமாயிற்று. சொந்தமாக ஒரு மைதானம் கட்ட பில் பிரான்ஸ் தீர்மானித்தார்.

ஒரு சுற்று இரண்டரை மைல். வளைவுகள் தட்டையாக இருந்தால் கார் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே வளைவை 31 டிகிரி சரிவாக உயர்த்தத் திட்டமிட்டார்கள். சரிவின் உச்சி சுமார் 3 மாடி உயரம்! உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் கார்கள் நன்றாகத் தெரியும்.

அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது? மைதானத்தின் நடுவிலேயே தோண்டினார்கள். தோண்டிய பள்ளம் 29 ஏக்கர் ஏரி ஆயிற்று. இன்றும் மைதானத்தின் நடுவே அந்த ஏரி இருக்கிறது.

தார் போடுவதில் அடுத்த தொல்லை. சரிவில் எந்திரம் நிற்காமல் சறுக்கியது. என்ஜினீயர் சார்லஸ் மணிபென்னி ஒரு யுக்தி செய்தார். மேலே புல்டோசர்களை நிறுத்தி, இரும்பு வடத்தால் தார் போடும் எந்திரத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். வேலை நடந்தது.

பணத்துக்குத்தான் பில் அலைந்தார். 1953-ம் ஆண்டு வெளியிட்ட திட்டத்துக்கு 1957-ம் ஆண்டு நவம்பரில்தான் மண் வெட்ட முடிந்தது. பங்கு ஒன்று 1 டாலர் என்று பொதுமக்களிடம் விற்றார். டெக்சாஸ் எண்ணெய் முதலாளி கிளின்ட் மர்ச்சிசன் 6 லட்சம் டாலர் கடன் கொடுத்தார்.

1958-ம் ஆண்டு பிப்ரவரியில் மணல் பந்தயம் கடைசி முறையாக நடந்தது. அடுத்த ஆண்டு புது மைதானம் திறந்தது.

3 நாள் காத்த தீர்ப்பு

1959-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி முதலாவது டேடோனா 500 பந்தயம் நடந்தது. 59 கார்கள் கிளம்பின. 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

கடைசிச் சுற்றில் லீ பெட்டி, ஜானி போசம்ப் என்ற இருவரின் கார்களும் ஒட்டினாற்போல் ஓடின. ஒரு சுற்று பின்தங்கிய இன்னொரு காரும் பக்கத்தில் வந்தது. மூன்று கார்களும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைக் கடந்தன!

போசம்ப் வென்றதாக அறிவிக்கப்பட்டது. லீ பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த நிருபர்கள் பலரும் பெட்டிதான் முந்தினார் என்றார்கள்.

பில் பிரான்ஸ் பிடிவாதம் செய்யவில்லை. எல்லைக்கோட்டில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுவந்து தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். புகைப்படங்கள் வந்தன. செய்திப் படச் சுருளும் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 3 நாட்களும் பத்திரிகைகளில் இதே பேச்சுதான்.

புதன்கிழமை தீர்ப்பு வந்தது. பெட்டியின் கார், சில அடி முன்னால் இருந்தது. முதல் அறிவிப்பு ரத்து செய்யப்பட்டது. பெட்டிக்குப் பரிசு கிடைத்தது.

அந்தப் பந்தயத்தில் ஓடிய பெட்டியின் மகன் ரிச்சர்ட், பிற்காலத்தில் டேடோனா 500 பந்தயத்தை 7 முறை வென்றார். இன்றுவரை வேறு யாரும் அத்தனை முறை வென்றது இல்லை.

இரும்புப் பிடி

பில் பிரான்ஸ் 6 அடி 5 அங்குல உயரம். பெரிய பில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவருடைய அதிகாரமும் அப்படியே வளர்ந்தது. விதி போடுகிறவர் அவர். தீர்ப்புச் சொல்கிறவர் அவர். மைதானத்தை நடத்துகிறவரும் அவரே!

1961-ம் ஆண்டு கர்ட்டிஸ் டர்னர், டிம் பிளாக் என்ற வீரர்கள் தொழிற்சங்கம் தொடங்க முயன்றார்கள். டர்னர் பில்லின் பழைய நண்பர். ஆனாலும் இருவருக்கும் ஆயுள் முழுவதும் தடை போட்டார். 4 ஆண்டு கழித்தே டர்னருக்குத் தடை நீங்கியது.

1963-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜாக்சன்வில் நகரில் வெண்டல் ஸ்காட் என்ற நீக்ரோ இன வீரர் முதலாவதாக வந்தார். ஆனால், வேறு ஒருவருக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. கூட்டம் கலைந்த பிறகுதான் சுற்றுக் கணக்கில் தவறு என்று சொல்லி ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். மேடையில் கோப்பை வாங்கும் பெருமை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் 1990-ம் ஆண்டு இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு உரிய கோப்பை 2021-ம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது.

1969-ம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் டல்லடேகா என்ற இன்னும் பெரிய மைதானத்தை பில் திறந்தார். அங்கே கார்கள் மணிக்கு சுமார் 200 மைல் வேகத்தில் பறந்தன. டயர்கள் தாங்காமல் பிய்ந்தன. உயிருக்கு ஆபத்து, பந்தயத்தைத் தள்ளி வையுங்கள் என்று வீரர்கள் கேட்டார்கள். ரிச்சர்ட் பெட்டி அவர்களுக்குத் தலைவர்.

பில் மறுத்தார். அப்போது அவருக்கு வயது 59. பயம் வேண்டாம் என்று காட்டுவதற்காகத் தாமே ஒரு காரில் ஏறி மைதானத்தைச் சுற்றினார்! ஆனால், வீரர்கள் ஓட்டியது அதைவிட அதிக வேகம். முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் கார்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள்.

மீதி இருந்தவர்களை வைத்துப் பந்தயத்தை நடத்தி முடித்தார் பில். ஏமாந்த ரசிகர்களுக்கு, அதே டிக்கெட்டில் இன்னொரு பந்தயத்தைப் பார்க்க அனுமதி கொடுத்தார். ஒரு காலத்தில் வீரர்களின் குறையைத் தீர்க்கக் கூட்டம் கூட்டியவர், அன்று அவர்களுடைய குறைக்குக் காது கொடுக்கவில்லை.

மகன் கையில்

1972-ம் ஆண்டு ஜனவரியில் பில் பிரான்ஸ் தலைமைப் பொறுப்பை மூத்த மகனிடம் ஒப்படைத்தார். 1979-ம் ஆண்டு டேடோனா 500 பந்தயம் முழுவதும் டெலிவிஷனில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அதன் புகழ் நாடு முழுவதும் பரவியது.

1992-ம் ஆண்டு ஜனவரியில் ஆன் காலமானார். 5 மாதம் கழித்து, ஜுன் 7-ந் தேதி பில் பிரான்சும் காலமானார். அவருக்கு வயது 82.

வேகத்தின் ஆபத்து பற்றி வீரர்கள் கொண்ட பயம் வீண் அல்ல என்பது பின்னால் மீண்டும் தெரிந்தது. 2001-ம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், புகழ்பெற்ற வீரர் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. அவர் மாண்டார். அதன் பிறகு கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயம் ஆயிற்று. மோதினால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் சுவர்கள் வந்தன.

இன்றும் பிப்ரவரி மாதத்தில் கார்கள் அந்தச் சரிவில் ஏறி இறங்கிப் பறக்கின்றன. ஓடி முடிந்ததும் அதிகாரிகள் கார்களைச் சோதிக்கிறார்கள். விதி மீறி இருந்தால், முதலில் வந்த காரின் வெற்றியும் செல்லாது. பரிசுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு யாரும் ஓடுவது இல்லை.