கட்டியைக் காட்டிக்கொடுத்த சர்க்கரை: ஓட்டோ வார்பர்க்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவருக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. கதிர் எங்கே பாய வேண்டும் என்று கணினித் திரையில், ஸ்கேன் படத்தின் மேல் அவர் எல்லைக்கோடு வரைய வேண்டும். எல்லை சுருங்கினால் கட்டியின் ஒரு பகுதி தப்பிவிடும். விரிந்தால் பக்கத்தில் உள்ள நல்ல உறுப்புகள் பாதிக்கப்படும். நுரையீரல் புற்றுநோயில் இது இன்னும் சிரமம். கட்டி அடைத்ததால் காற்றிழந்து சுருங்கிய நுரையீரலும் கட்டியும் சிடி ஸ்கேனில் பல வேளைகளில் ஒன்றுபோலவே தெரியும். பெட் ஸ்கேனிலோ கட்டி தனியாக ஒளிரும்.

அது ஏன் ஒளிர்கிறது? சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு அதற்கான விடையைக் கண்டவர் ஓட்டோ வார்பர்க்.

1883ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பிறந்தார் வார்பர்க். தந்தை எமில் பெயர்பெற்ற இயற்பியலாளர். மகன் முதலில் வேதியியலிலும் பிறகு மருத்துவத்திலும் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் சேர்ந்து காயமும் பட்டார். போர்முனையைவிட்டு ஆய்வுக்குத் திரும்பும்படி 1918இல் அவருக்குக் கடிதம் எழுதியவர், குடும்ப நண்பரான ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

பெர்லின் திரும்பிய வார்பர்க், எலியின் புற்றுக்கட்டியை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடிக் குடுவையில் இட்டு, அவை எவ்வளவு ஆக்ஸிஜனை உட்கொள்கின்றன என்று அளந்தார். விளையாட்டுப் போட்டியில் மூச்சுவாங்க ஓடும்போது நம் தசைகளுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகும். அப்போது அவை குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றும். கட்டியோ, ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் அதையே செய்தது! இப்படிச் செய்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. ஆகவே கட்டி சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்கியது.

உயிரணுச் சுவாசத்துக்கான நொதியை ஆராய்ந்ததற்காக 1931இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஈராண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வார்பர்க்கின் தந்தை யூத வம்சாவளியினர். வார்பர்க்கிடம் பணியாற்றிய ஹான்ஸ் கிரெப்ஸ் உட்பட யூத அறிவியலாளர் பலர் வேலையிழந்து நாட்டைவிட்டு வெளியேறினர். வார்பர்க் தம் ஆய்வகத்தைவிட்டு நகரவில்லை. 1941இல் பதவி பறிக்கப்பட்டபோதும், புற்றுநோய் ஆய்வைத் தொடர வேண்டும் என்ற நிபந்தனையுடன் சில வாரங்களில் திரும்ப அனுமதிக்கப்பட்டார். ஹிட்லருக்குப் புற்றுநோய் மீதிருந்த அச்சமே இதற்குக் காரணம் என்பார்கள். அந்த ஆட்சியின்கீழ் அவர் தங்கியதை மெச்சுவது கடினம்.

பிடிவாதம் அறிவியலிலும் அவரை விடவில்லை. உயிரணுவின் சுவாசம் பழுதாவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று கடைசிவரை வாதிட்டார். மரபணு மாற்றங்களே அடிப்படை என்று பிறகு தெளிவானது. காரணம் பிழை. ஆனால், கண்டது சரி.

1970 ஆகஸ்ட் 1ஆம் தேதி அவர் பெர்லினில் காலமானார். ஆறே ஆண்டுகளில், 1976இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்த குளுக்கோஸ் முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. சாதாரண குளுக்கோஸ் என்று நம்பி உயிரணு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால், முழுமையாகச் செரிக்க முடியாமல் உள்ளேயே தேங்கிவிடுகிறது. அங்கிருந்து எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரு காமா கதிர்களை வளையமாக அமைந்த கருவிகள் பிடித்துப் படமாக்குகின்றன. சுமார் 110 நிமிடங்களில் அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் தயாரித்த அன்றே பயன்படுத்தியாக வேண்டும்.

இன்று பெட், சிடி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தே பல இடங்களில் அந்த எல்லைக்கோடு வரையப்படுகிறது. சிடியில் சந்தேகம் எழுப்பாத சிறு நிணநீர்க் கணு பெட்டில் ஒளிர்ந்தால், மேலும் சோதித்து அதையும் எல்லைக்குள் சேர்ப்பார்கள். வேறு உறுப்பு ஒளிர்ந்து, அங்கும் நோய் பரவியது உறுதியானால், சிகிச்சைத் திட்டமே மாறலாம். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. மூளை எப்போதும் சர்க்கரையைத் தேடும். காசநோய்த் தழும்பும் சில நேரம் ஒளிர்ந்து ஏமாற்றும். அதனால்தான் கோடு வரையும் வேலை இன்னும் மருத்துவரின் கையில் இருக்கிறது.