லா.ச.ரா.: குறியீட்டில் பேசிய மனம்

நம் கொரட்டூரை அடுத்த அம்பத்தூரில் முதுமைக் காலத்தைக் கழித்தவர் லா.ச. ராமாமிர்தம். 1916 அக்டோபர் 30 அன்று பிறந்த அவர், 2007-இல் அதே அக்டோபர் 30 அன்று மறைந்தார். பக்கத்து ஊரில் வாழ்ந்த அப்படைப்பாளியை இப்பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்வது, கவிதை எழுதும் நமக்குக் கடமை மட்டுமன்று, பயனும் ஆகும்.

அவர் பெயரின் முன்னெழுத்துகளில் லால்குடியும் தந்தை சப்தரிஷியும் உள்ளனர். அவ்வூர்க் கோயிலில் உறையும் பெருந்திருப்பிராட்டியே அவர் எழுத்தில் பல பெண்முகங்களாய் எழுந்தாள் எனலாம். முதலில் ஆங்கிலத்தில் எழுதியவர், பின்னர் தமிழுக்கு வந்தார். பிழைப்புக்குப் பஞ்சாப் நேஷனல் வங்கிப் பணி. எழுத்தோ நிதானமான தவம். ஒரு சொல்லை அமைக்க நாட்கணக்கில் காத்திருக்கவும் அவர் தயங்கியதில்லை.

1965-இல் வாசகர் வட்டம் வெளியிட்ட 'புத்ர' நாவலில், மகனுக்கு ஆண்வாரிசு நிலைக்கலாகாது என்று ஒரு தாய் சபிக்கிறாள். அச்சாபம் வெறும் நிகழ்ச்சியன்று. வெளியே சொல்ல இயலாத அவளது காயமே சொல்லுருக் கொண்டு குடும்பத்தினுள் உலவுகிறது.

1970-இல் வந்த 'அபிதா' இன்னும் நுட்பமானது. நடுவயதில் அம்பி தன் இளமையின் கரடிமலைக்குத் திரும்புகிறான். அன்று நேசித்த சகுந்தலை உயிருடன் இல்லை; அவள் முகத்தை மகள் அபிதாவிடம் காண்கிறான். மனைவியிடம் உரைக்க முடியாத அவன் ஏக்கத்தை மலையும் கோயிலும் அந்த முகமுமே நமக்கு உணர்த்துகின்றன. அபிதா என்னும் பெயரோ திருவண்ணாமலையின் அபிதகுசாம்பாளை, உண்ணாமுலையம்மையை, நினைவூட்டுவது. எட்டாமை பெயரிலேயே குடிகொண்டுள்ளது.

எனினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதை முழுதும் அம்பியின் கூற்று. அவன் உள்ளத்தைத் திறந்து காட்டும் அதே குறியீடு அபிதாவின் உள்ளத்தை மூடிவிடுகிறது. அவன் கண்ணுக்கு அவள் சகுந்தலையின் சாயல். அவளுக்கென்று ஓர் ஏக்கம் இருந்ததா என்பதை அவன் கேட்பதில்லை. இது நாவலின் குறையன்று. அதன் துயரமே இதுதான். ஒருவரைக் குறியீடாக்குவோர் அவரை இழந்துவிடுகின்றனர் என்பதை அந்நாவல் உரைக்காமலே உணர்த்துகிறது.

'சிந்தாநதி' நூலுக்காக 1989-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். விருதினும் பெரிது அவர் விட்டுச்சென்ற எச்சரிக்கை. நிலவென்றும் நதியென்றும் பெண்ணைப் பாடும் நாம், அந்நிலவுக்கும் ஒரு மனம் உண்டென்பதை மறவாதிருப்போமாக.