எலும்பை வளரச் செய்தவர்

மதுரை முதலிய ஊர்களில் எலும்பு மருத்துவர்கள் காலைச் சுற்றிப் பூட்டும் வளையக் கருவிக்கு இலிசரோவ் என்றே பெயர். அஃது ஒரு மனிதரின் பெயர்.

1921இல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த கவ்ரீல் இலிசரோவ், காகசஸ் மலைநாட்டில் வளர்ந்தார். 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றதும் சைபீரியாவின் குர்கன் பகுதிச் சிற்றூருக்கு அனுப்பப்பெற்றார். மெல்லிய கம்பிகளை எலும்பினூடே செலுத்தி, வளையங்களில் இறுக்கி, முறிந்த முனைகளை நெருக்கிச் சேர்க்கும் கருவியை 1951இல் உருவாக்கினார். நோயாளி ஒருவர் திருகாணியைத் தலைகீழாகத் திருப்பிவிட, முனைகள் விலகினவாம். அவ்விடைவெளியிலோ புது எலும்பு அரும்பியிருந்தது! இலிசரோவ் அப்பிழையைப் புறந்தள்ளாமல் ஆராய்ந்தார். எலும்பை அறுத்து, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர், அதனையும் நான்கு முறையாகப் பகுத்து விலக்கினால், எலும்புடன் தசையும் நரம்பும் குருதிக்குழாயும் நீளும் எனக் கண்டார். பிறவியிலேயே கால் எலும்பு குறைந்த குழந்தை 5 சென்டிமீட்டர் பெற ஏறத்தாழ 50 நாள் வேண்டும். வளர்ந்த எலும்பு கெட்டிப்பட மேலும் பல திங்கள் வேண்டும். அதுவரை கம்பிகளின் வலியையும் அக்குழந்தை தாங்க வேண்டும்.

தலைநகர் மருத்துவர்கள் அவரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ஒலிம்பிக் உயரந்தாண்டும் வீரர் வலேரி புரூமெலின் சிதைந்த காலை 1968இல் சீராக்கிய பின்னரே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1981இல் இத்தாலியில் அவர் ஆற்றிய உரை மேலைநாடுகளுக்கு வழிதிறந்தது. இலிசரோவ் 1992இல் குர்கனிலேயே மறைந்தார்.