விழிக்குள் ஒளி பாய்ச்சியவர்

உலகைக் காட்டும் கண்ணின் உட்புறம் நெடுங்காலம் எவருக்கும் புலப்படாததாகவே இருந்தது. கண்பாவைக்கு அப்பால் மருத்துவர்கள் கண்டது இருளைத்தான். வெளியே குறையேதும் தோன்றாமல் பார்வை மங்கியவர்களுக்கு அதன் காரணத்தைக் கூற இயலவில்லை. அந்நிலையை மாற்றியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

அவர் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் போட்ஸ்டாம் நகரில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயற்பியல் கற்கவே விரும்பினார். குடும்ப வருவாய் அதற்கு இடந்தரவில்லை. பெர்லினில் அரசுச் செலவில் மருத்துவம் பயிலும் வாய்ப்பு இருந்தது. பயின்றவர் எட்டாண்டுகள் படைமருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அதனை ஏற்று மருத்துவம் பயின்று, 1842இல் பட்டம் பெற்றார். எனினும் இயற்பியல் வேட்கை தணியவில்லை. படைமருத்துவராக இருந்தபோதே, 1847இல், ஆற்றல் அழியாமை பற்றிய புகழ்பெற்ற ஆய்வுரையை வெளியிட்டார்.

1849இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார். மறு ஆண்டு, கண்ணுக்குள் புகும் ஒளியின் இயல்பை மாணவர்களுக்கு விளக்க முற்பட்டபோது, கண்பாவை ஏன் கறுத்துத் தோன்றுகிறது என்று சிந்தித்தார். விழித்திரையில் பட்ட ஒளி, வந்த வழியே விளக்கை நோக்கித் திரும்புகிறது. அதைக் காண அவ்வழியில் கண்ணை வைத்தால், பார்ப்பவரின் தலையே விளக்கொளியை மறைத்துவிடும். இதற்கு அவர் எளிய தீர்வு கண்டார். மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தார். அவை விளக்கொளியின் ஒரு பகுதியை நோயாளியின் கண்ணுக்குள் திருப்பின; திரும்பி வரும் ஒளியின் ஒரு பகுதியைத் தம் வழியே மருத்துவரின் கண்ணுக்குச் செல்லவிட்டன. ஒரு குழிலென்சு காட்சியைத் தெளிவாக்கியது. அட்டை, மூக்குக்கண்ணாடி லென்சு, நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடு ஆகியவற்றைக் கொண்டே முதற்கருவியை அமைத்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரையும் அதன் குருதிக்குழாய்களும் அதில் தெளிவாகத் தெரிந்தன. ‘விழிநோக்கி’ என்னும் இக்கருவி பற்றிய நூலை 1851இல் வெளியிட்டார்.

நோயுற்ற கண்ணில் ஒளி பாய்ச்சுவது தீங்கு தரும் என்று சிலர் அஞ்சினர். பெர்லினின் இளம் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபேயோ அதனை ஆர்வத்துடன் கையாண்டார். கண்ணீர் அழுத்த நோய் விழிநரம்பின் முகப்பில் உண்டாக்கும் மாற்றத்தை ஆராய்ந்தார்; அந்நோய்க்குரிய அறுவை மருத்துவத்தையும் 1857இல் அறிவித்தார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் அத்துடன் நிற்கவில்லை. கண்ணின் பரப்புகளில் தோன்றும் எதிரொளிப்புப் பிம்பங்களை அளந்து, அவற்றின் வளைவைக் கணக்கிடும் ‘விழிமானி’யையும் உருவாக்கினார். அண்மைப் பொருளைப் பார்க்கும்போது விழிலென்சு கூடுதலாக வளைகிறது என்பதை அளவீட்டால் நிறுவினார். இவ்வாய்வுகளைத் தொகுத்து, கண்ணின் ஒளியியல் குறித்த பெருநூலை 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்.

இளமையில் கிட்டாத இயற்பியல் துறை, 1871இல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியாக அவரைத் தேடி வந்தது. ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர். 1894 செப்டம்பர் 8ஆம் நாள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இயற்கை எய்தினார்.

விரும்பிய கல்வி மறுக்கப்பட்டபோது அவர் சோர்ந்துவிடவில்லை. கிடைத்த கல்வியை முழுமையாகக் கற்றார், விரும்பியதையும் கைவிடவில்லை. நோயை அறிந்த மருத்துவரும் ஒளியை அறிந்த இயற்பியலாரும் ஒருவரிடத்தே இணைந்ததால் பிறந்ததே விழிநோக்கி. இன்றும் கண் மருத்துவர்கள் அதன் வளர்ச்சியுற்ற வடிவங்களைக் கொண்டே விழித்திரையை ஆராய்ந்து, பார்வையைக் காத்து வருகின்றனர்.