ஒரே இரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு: யார் இந்த ஐடா ஸ்கட்டர்?

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். காட்பாடி பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்காமல் பறக்கும். மடியில் ஸ்கேன் ரிப்போர்ட் கவரோடு அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரும் போவது வேலூர் சிஎம்சிக்கு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இது. அந்தப் பாதை அன்று முடிந்த இடத்துக்குப் பக்கத்து ஊரான ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9 அன்று பிறந்தவர்தான் சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர்.

தாத்தா அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் அப்படியே. ஐடாவுக்கு மட்டும் இதில் துளியும் இஷ்டமில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் குழந்தைகள் பட்டினியால் சாவதைச் சிறு வயதிலேயே பார்த்தவர். இந்த ஊரே வேண்டாம் என்று நினைத்ததில் ஆச்சரியம் என்ன? அமெரிக்காவில் படித்தார், அங்கேயே செட்டிலாக ஆசைப்பட்டார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்ததும் சீக்கிரம் திரும்பிவிடும் எண்ணத்தில்தான்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் பார்ப்பதா, முடியாது என்று அவர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம், பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே பதில். விடிந்ததும் விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்திருந்தார்கள்.

அன்று அப்பா அம்மாவிடம் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். நியூயார்க் வங்கியாளர் ஷெல், இறந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு 1900-ல் திரும்பினார். சில மாதங்களில் அப்பா காலமானார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான ஷெல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரே போனார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, புண் கட்டி, மருந்து கொடுத்தார். ஆனால் ஒரு ஐடா எத்தனை மரத்தடிக்குப் போவார்? தானே ஓடி ஓடிச் செய்வது மட்டும் சேவை ஆகாது என்பது அவருக்குப் பிடிபட்டது இங்கேதான் என்று தோன்றுகிறது. 1909-ல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். அடுத்து பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆறு பேர் சேர்ந்தால் நடத்திக்கொள்ளுங்கள் என்றது அரசுத் தரப்பு, அதுவே கிடைக்காது என்ற நினைப்பில். 1918-ல் வந்த விண்ணப்பங்கள் 151! முதல் தேர்வை எழுதிய 14 பேரும் பாஸ்.

பெரிய சோதனை அவருடைய 67-வது வயதில் வந்தது. 1938-ல் சென்னை மாகாண அரசு, இனி டிப்ளமோ செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்புதான் என்றது. அதற்கான பணம் இல்லை. ஆண்களையும் சேர்த்தால் கூடுதல் சபைகள் உதவும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்கென்றே நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி போன்ற பழைய தோழிகளுக்கு அது துரோகமாகப் பட்டது. ஐடாவுக்கும் சுலபமாக இருந்திருக்காது. மூன்று பெண்களின் சாவில் பிறந்த கனவு அல்லவா? இருந்தும் விட்டுக்கொடுத்தார். பணிவிடை பெறுவதற்கல்ல, செய்வதற்கே என்ற சுவிசேஷக் கருத்துதான் அந்தக் கல்லூரியின் இலக்கு. தன் பிடிவாதமா, நோயாளிகளா என்று வந்தபோது அது அவருக்கே பரீட்சையாகிவிட்டது.

1942-ல் எம்பிபிஎஸ் தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்ணிடம் போனது. கல்யாணமே செய்துகொள்ளாத ஐடா, 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார். 2022-ல் சிஎம்சியின் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. இடம், ராணிப்பேட்டை பக்கம்.